‘யாருமே இல்லாத கடற்கரை’ என்று காணொளி போடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

‘சென்னைக்குப் பக்கத்தில் கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து கடற்கரைகள்’ என்று நீங்கள் போடும் காணொளிகளை விடாமல் பார்ப்பவள் நான். திருவான்மியூரில் குடிவந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. தினமும் விடியற்காலையில் கடலோரம் நடக்கிறேன். ஒரு தடவை உங்களில் யாரோ பறக்கவிட்ட ட்ரோன் படத்தில் எங்கள் மொட்டைமாடிகூடத் தெரிந்தது. கொடியில் கிடந்த புடவையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். படங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. குறை அங்கே இல்லை.

போன வருடம் அரையாண்டு விடுமுறைக்குத் தர்மபுரியிலிருந்து என் அண்ணன் மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். கடலுக்குப் போகலாம் என்றதும் கைப்பேசியை நீட்டினான். “மெரினாவெல்லாம் ஒரே கூட்டம் அத்தை. இதைப் பாருங்க, யாருமே இல்ல, சொர்க்கம் மாதிரி இருக்கு.” ஈசிஆர் ஓரம் ஒரு சந்துக்குள் போய் இறங்கும் கரை. ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அங்கே போய் நிற்பீர்கள்.

டிசம்பர் கடல் சரியில்லப்பா என்றேன். “காவேரியிலேயே நீச்சல் அடிச்சவன் நான்” என்றான். கிணற்றிலும் ஆற்றிலும் பழகியவர்களுக்கு இந்த நம்பிக்கை எப்போதும் உண்டு. அலை பெரிதாக அடிக்காத இடமாகப் பார்த்து, பதினோரு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான். தண்ணீர் முழங்காலுக்குக்கூட வரவில்லை. இரண்டு அலை வந்து போனது. மூன்றாவது அலை திரும்பும்போது காலுக்கடியில் மணல் சரிந்து, பிடி நழுவி, பையன் போய்விட்டான். கொஞ்ச தூரத்தில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அதில் ஒருவர் நேராகப் போகாமல் பக்கவாட்டில் நீந்திப் போய்ப் பையனைப் பிடித்தார். பிழைத்தான். உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்ததும், ஒரு செருப்பு போனதும்தான் சேதம். கரைக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டே அந்த மனிதர் கேட்டார்: “அலை இல்லாத எடமா பாத்து எறக்கிட்டீங்களே சார். அங்கதான் தண்ணி உள்ள இழுக்கும்.”

இந்த ஒரு வரியை உங்களுக்குச் சொல்லத்தான் இந்த மடலே. கரைக்கு வந்த அலைத்தண்ணீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். தண்ணீருக்கடியில் கிடக்கும் மணல்திட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ, அந்த வழியாகக் கூடிப் பாய்ந்து வெளியேறும். அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. மேலே பார்த்தால் குளம் மாதிரி அமைதியாகத் தெரியும். இரண்டு பக்கமும் நுரை, நடுவில் மட்டும் அழகான பச்சை. உங்கள் காணொளியில் மெல்லிய இசையோடு காட்டினீர்களே, அதே இடம்தான். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. எத்தனை பெரிய நீச்சல்காரனுக்கும் கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் திரும்ப வேண்டும். இது மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். தர்மபுரியிலிருந்து வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

‘யாருமே இல்லாத’ என்று நீங்கள் சொல்லும்போது உயிர்காக்கும் ஆளும் அங்கே இல்லை, கழிப்பறை இல்லை, ஆம்புலன்ஸ் திரும்ப வழியில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள். காதில் விழுவது என்னவோ ‘சொர்க்கம்’ மட்டும்தான்.

சரி, எங்கேதான் போவது என்று கேட்பீர்கள். போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். குளிக்கவா, காற்று வாங்கவா, சூரியன் எழுவதைப் பார்க்கவா, மீன் வாங்கவா? ஒவ்வொன்றுக்கும் கரை வேறு, மாதம் வேறு, நேரம் வேறு.

மெரினாவைப் பட்டியலில் முதலாவதாகப் போட்டு ‘குடும்பத்தோடு குளித்து மகிழலாம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மெரினா குளிக்கிற இடமே இல்லை. அலை உடையும் இடத்திலேயே தரை சட்டென்று இறங்கிவிடும். காணும் பொங்கலன்று போலீஸ் கட்டை கட்டித் தடுப்பதும், தொலைந்தால் தேட வசதியாகக் குழந்தைகள் கையில் பெற்றோர் எண்ணை எழுதிக் கட்டிவிடுவதும் சும்மா இல்லை. அந்த அகன்ற மணல்வெளியே பழைய காலத்தில் கிடையாது. 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கிக் கடலுக்குள் கல்லைக் கொட்டினார்கள். வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அதில் முட்டி நின்றது, தென்பக்கம் சேர்ந்துகொண்டே போனது. 1880-களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் அதன் ஓரமாக நடைபாதை போட்டு ‘மெரினா’ என்று பெயரும் வைத்தார். வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் போக வேண்டிய மணல்தான் இங்கே சுண்டல் காகிதத்தோடு கிடக்கிறது. அங்கே கடல் ஊருக்குள் வந்து, கருங்கல் கொட்டித் தடுக்க வேண்டியதாயிற்று. வடசென்னைக்காரர்கள் மெரினாவைக் கொஞ்சம் முறைத்துப் பார்த்தால் தப்பில்லை.

காற்று வாங்க, நடக்க, மாங்காய் பட்டாணி சுண்டல் தின்ன மெரினா போதும். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்று பறக்கும் ரயில் நிலையங்கள் நடக்கிற தூரம். முக்கியமான இன்னொன்றை உங்களில் யாரும் காட்டவில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் தண்ணீர்ப் பக்கம் போக மரப்பாதை போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். நடக்க முடியாத பாட்டியைக் கூட்டி வருகிற வீட்டுக்கு உங்கள் ட்ரோன் படத்தைவிட இந்தத் தகவல் பெரிது.

அப்புறம் பெசன்ட் நகர். அங்கே வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, அதன் முன்னால் நின்று எல்லோரும் படம் எடுக்கிறீர்கள். அது கார்ல் ஷ்மிட் என்று ஊரில் சொல்லப்படும் டென்மார்க்காரரின் நினைவுச்சின்னம். 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கிப்போனார். அதுவும் டிசம்பர்தான். தொண்ணூறு வருடத்துக்கு மேலாக அந்தக் கரை ஓர் எச்சரிக்கைப் பலகையைக் கல்லிலேயே வைத்திருக்கிறது, நாம் அதன் நிழலில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்கிறோம்.

மழைக்காலத்தில் பெசன்ட் நகருக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில் அடையாறு முகத்துவாரம் இருப்பதை மறக்காதீர்கள். மழை வெள்ளம் நகரத்துச் சாக்கடையைச் சேர்த்துக் கழுவிக்கொண்டு கடலில் தள்ளும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் அது தெற்கே திரும்பி பெசன்ட் நகர் பக்கமும், கோடையில் வடக்கே மெரினா பக்கமும் போகும். 2019 டிசம்பர் தொடக்கத்தில் கரை முழுக்க வெள்ளை நுரை ஒதுங்கியது நினைவிருக்கிறதா? பனிமழை என்று சொல்லி, குழந்தைகளை அதில் உட்காரவைத்து செல்ஃபி எடுத்தார்கள். சாக்கடை நுரை அது. அந்தக் காணொளியும் நன்றாக ஓடியது.

எங்கள் திருவான்மியூர்க் கரை சின்னது. விடியற்காலை ஐந்தரைக்கு வந்தால் சூரியன் எழுவதையும் பார்க்கலாம், வழியில் மருந்தீசுவரரையும் பார்த்துவிட்டுப் போகலாம். நம் கடல் கிழக்குப் பக்கம் என்பதை மறந்து ‘சூரியன் மறையும் அழகு’ என்று தலைப்பு வைத்த தம்பி, உனக்குத் தனியாகச் சொல்கிறேன்: சூரியன் நமக்கு முதுகுப் பக்கம்தான் மறைகிறது. 2019 ஆகஸ்டில் ஓர் இரவு இங்கே அலை நீல வெளிச்சமாக உடைந்ததை நான் பார்த்தேன். கடலில் நுண்ணுயிர்கள் பெருகினால் அப்படி மின்னும். அதைச் சொல்லி ஆள் கூட்டாதீர்கள். எப்போது வரும் என்று கடலுக்கே தெரியாது.

இங்கிருந்து நீலாங்கரை வரை உள்ள கரைக்கு ஜனவரி முதல் வேறு விருந்தாளி. பங்குனி ஆமைகள் ராத்திரியில் முட்டையிட வரும். 1988-லிருந்து மாணவர்கள் சேர்ந்து நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று, இருட்டில் இந்தக் கரையை நடந்தே அளந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறது. பொதுமக்களையும் கூட்டிப்போகிறார்கள். உங்கள் பட்டியலில் இடம் பிடிக்க வேண்டிய அனுபவம் இதுதான். ஆனால் விளக்கு போடக் கூடாது. வெளிச்சத்தைப் பார்த்தால் ஆமைக் குஞ்சு கடலை விட்டுவிட்டு ரோட்டைப் பார்க்க நடக்கும். விளக்கில்லாமல் காணொளி எடுக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் பட்டியலில் இல்லையோ என்னவோ. 2025 ஜனவரியில் செத்து ஒதுங்கிய ஆமைகளை நூற்றுக்கணக்கில் எண்ணினார்கள். அந்த மாதம் நான் நடக்கப் போன நாட்களை எண்ணிவிடலாம்.

உண்மையிலேயே கடலில் நனைய வேண்டும் என்றால் கோவளம் போங்கள். 2021-ல் நீலக்கொடிச் சான்று வாங்கிய கரை. தண்ணீரின் தரம், பாதுகாப்பு, கழிப்பறை என்று 33 அளவுகோல் வைத்துப் பார்த்துத் தருவது அது, ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். தருகிற அமைப்பின் தலைமையிடம் டென்மார்க். அந்த நாட்டுக்கும் நம் கடலுக்கும் அப்படி என்ன கணக்கோ! அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளவும் கோவளம்தான். குப்பத்துப் பிள்ளைகளே சொல்லித் தருகிறார்கள். உங்கள் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்றால், அந்த மணல்திட்டைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர்களிடம்தான். கோவளத்திலும் கொடி நட்ட எல்லையைத் தாண்டினால் அது சாதாரணக் கடல்தான்.

மாமல்லபுரத்துக்குக் கல்லைப் பார்க்கப் போங்கள். கடற்கரைக் கோயிலைப் பார்த்த வியர்வையோடு பக்கத்திலேயே கடலில் இறங்குவதுதான் ஆபத்து. எண்ணூருக்குப் போகச் சொல்ல மாட்டேன். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதிக் கொட்டிய எண்ணெய், 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடியும் எண்ணெய் என்று அந்த ஊர் பட்டது போதும். பழவேற்காட்டுக்குக் கடலைவிட ஏரிக்காகப் போகலாம், பூநாரை வரும் காலமாகப் பார்த்து.

மாதக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நம் கடல் கொஞ்சம் சாது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை பார்க்க மட்டும். நடுவில், வானம் வெளுத்து, காற்றே இல்லாத நாளிலும், எங்கோ தூரத்துக் கடலில் கிளம்பிய அலை வந்து கரையில் ஏறும். கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் மூழ்கி இறந்தார்களே, அப்போதும் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்திருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் தினமும் அலை உயரத்தையும் எச்சரிக்கையையும் வெளியிடுகிறது. அதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

அதனால் அடுத்த காணொளியில் மூன்று விஷயம் சேருங்கள். எந்த மாதம், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று முதலில் போடுங்கள். உயிர்காப்பாளர் இருக்கிறாரா, கழிப்பறை எங்கே என்று காட்டுங்கள், பெண்கள் அதைத்தான் முதலில் தேடுவோம். கேமராவைத் திருப்புவதற்கு முன்னால் அந்தக் குப்பத்தில் யாராவது ஒருவரிடம், இன்றைக்குத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே போடுங்கள். வலை போடும் இடத்தில் குறுக்கே நிற்காமல் கேளுங்கள், நன்றாகவே பேசுவார்கள்.

அண்ணன் மகன் மார்ச் மாதம் மறுபடி வருகிறானாம். பையன் இந்தத் தடவை நீச்சல் கண்ணாடியெல்லாம் வாங்கி வைத்திருக்கிறான். கோவளத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு செருப்பு மட்டும் எங்கள் வீட்டு வாசலில் இன்னும் கிடக்கிறது, ஜோடி கிடைக்குமா என்று போனில் கேட்கிறான்.

இப்படிக்கு,
திருவான்மியூரிலிருந்து ஓர் அத்தை