மே 1, மறுபடியும்

மாப்ள,

இன்றைக்கு என்ன தேதி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1994-இல் இதே நாளில்தான் செயின்ட் லூயிஸின் மிசிசிப்பி நைட்ஸ் அரங்கில் நம் இசைக்குழு அங்கிள் டுபெலோ கடைசியாக வாசித்தார்கள். அந்தக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். வருகிற மாதம் நானும் செயின்ட் லூயிஸைவிட்டுக் கிளம்புகிறேன். வீட்டைக் காலி செய்யும்போது அலமாரிக்குப் பின்னால் உன் சிடி கிடைத்தது. அவர்களுடைய 'மார்ச் 16–20, 1992' ஆல்பம். உறையில் உன் கையெழுத்து, மூலையில் விரிசல்.

இது நாலு பேர் படிக்கிற இடம். வாடகைப் பணம், உன் அக்கா கல்யாணம் பற்றியெல்லாம் இங்கே எழுதமாட்டேன். பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டெல்மார் தெரு காப்பிக் கடை, 2006. உனக்கு நினைவிருக்கும். எனக்கு அதில் ஒரே ஒரு விஷயம்தான் நிற்கிறது. பல்லவி வருவதற்குச் சற்று முன்னால் நீ மைக்கிலிருந்து அரை அடி இடது பக்கம் விலகி நின்றாய், நான் முகத்தைக் கொண்டுவர. கிதாரில் கை நிற்கவில்லை, கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. நான் வாயைத் திறக்கவில்லை. நீ தனியாகவே பாடினாய். அடுத்த பல்லவிக்கும் விலகி நின்றாய். மூன்றாவதுக்கும். இரண்டாம் குரலுக்கான இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது.

முதல் தடவை நான் பாடாததற்கு ஒரு காரணம் இருந்தது. மேடையேறியதும் "இதை நான் அமைத்த விதம்" என்று நீ சொன்னாய். அந்த விதத்தை மூன்று மாதம் நம் சமையலறையில் உட்கார்ந்து இருவருமாகக் கட்டினோம், மாப்ள. பாஞ்சோ வரியைக் கிதாருக்கு மாற்றியது நான். இப்போது எழுதும்போதும் கோபம் வருகிறது. ஆனால் இரண்டாம் தடவைக்கும் மூன்றாம் தடவைக்கும் அந்தக் காரணம் போதாது. நீ விலகி நின்று காத்திருப்பாய் என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் செய்தேன். மன்னித்துவிடு.

அங்கிள் டுபெலோவின் இரண்டு பாடகர்களில் நான் எப்போதும் ஜே ஃபாரர் பக்கம், நீ ஜெஃப் ட்வீடி பக்கம். அந்தக் கடைசிச் சுற்றுப்பயணத்தில் ட்வீடி பாட்டுகளுக்குக் கூடப் பாட மாட்டேன் என்று ஃபாரர் நின்றதை விடிய விடிய நியாயப்படுத்தியவன் நான். ஜனவரியிலேயே விலகுகிறேன் என்று சொல்லிவிட்டார், மேனேஜருக்கு இருந்த கடனுக்காகத்தான் அந்தப் பயணத்துக்கே ஒப்புக்கொண்டார், மனசு விட்டுப்போனவனிடம் வேறென்ன கேட்கிறாய் என்பேன். "பாடுறவன் பக்கத்துல நின்னுக்கிட்டு பாடாம இருக்கறது தப்பு" என்று நீ சொல்வாய். அவ்வளவுதான் உன் வாதம். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அந்த இரண்டு பேரும் பெல்வில்லில் பள்ளிக்கூடத்திலிருந்தே சேர்ந்து வாசித்தவர்கள். கார்ட்டர் குடும்பம் என்ற நாட்டுப்புற இசைக்குழு 1936-இல் பாடிய பழைய பாட்டையும் பங்க் ராக் இரைச்சலையும் ஒரே மூச்சில் வாசித்தார்கள். அந்தப் பாட்டின் பெயரையே 1990-இல் முதல் ஆல்பத்துக்கு வைத்தார்கள். ஊரெல்லாம் நிர்வானா ராக் குழு பின்னால் ஓடிய நேரத்தில் மின் கிதாரை ஓரம் வைத்துவிட்டு, ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில் ஆர்.இ.எம். குழுவின் கிதார்காரர் பீட்டர் பக்குடன் உட்கார்ந்து ஐந்தே நாளில் இந்தச் சிடியைப் பதிவு செய்தார்கள். சுரங்கத் தொழிலாளிகளின் பாட்டு, பக்திப் பாட்டு, சொந்தப் பாட்டு எல்லாம் கலந்து. எது பழசு, எது இவர்களுடையது என்று முதல் தடவை கேட்டபோது நம்மால் பிரிக்க முடியவில்லை. ஃபாரரின் கனத்த குரலும் ட்வீடியின் கரகரப்பும் சேராமல் அது நடந்திருக்காது. அப்புறம் பிரிந்துபோய், ஃபாரரின் குழு சன் வோல்ட் வந்தது, ட்வீடியின் குழு வில்கோ வந்தது. சன் வோல்டின் 'ட்ரேஸ்' ஆல்பம் எனக்கு உயிர். ஆனாலும் இருவரும் சேர்ந்து செய்த கடைசி ஆல்பமான 'அனடைன்' கேட்கிறபோது இன்னும் ஒரு ஆல்பம் சேர்ந்து செய்திருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது. இதை உன்னிடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

நீ மட்டும் ஒரு போன் பண்ணியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு போன். அப்பா தவறியபோதுகூட வேறு யார் மூலமாகவோதான் விசாரித்தாய்.

சரி, அதை விடு.

அந்தக் கடைசி ராத்திரியில் பழைய டிரம்மர் மைக் ஹைடோர்ன் மேடையேறி அவர்களோடு வாசித்தாரே, அந்த இடத்தைப் பேசும்போதெல்லாம் உன் குரல் கம்மிப்போகும். விலகிப் போனவர் ஒரு பாட்டுக்காகத் திரும்பி வந்தார் என்பாய். நேற்று அதையே நினைத்துக்கொண்டு இந்தச் சிடியைப் போட்டேன். மூன்றாவது பாட்டில் இன்னும் அதே இடத்தில் தாவுகிறது. அந்த இடத்தில் உன் வரியை நானே பாடி நிரப்பினேன், பழைய பழக்கம்.

சிடியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உறை மேலும் உடையாமல் இரண்டு துண்டு சுற்றியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வந்துவிடும். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும், வீட்டில் இரு.