அம்மா, அந்த உள்ளி எண்ணெய்ப் போத்தல்

வற்றாப்பளை அம்மன் துணை

ரொறன்ரோ

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். முள்ளியவளையில் மழை எப்படி? இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது.

போன கிழமை பல்லுக்கொதி தாங்க முடியாமல் பல் வைத்தியரிடம் போனேன். அவர் தற்காலிகமாக அடைத்த மருந்தின் மணம் மூக்கில் ஏறியதும் கண் கலங்கிவிட்டது. கராம்பு! இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் கிடந்தபோது, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த கராம்பில் ஒன்றைக் கடித்து நசித்து என் பல்லுக்குள் வைத்தீர்களே, அதே மணம். கராம்பு எண்ணெயில் இருக்கிற யூஜினோலை நாக ஒட்சைட்டுத் தூளோடு குழைத்துத்தான் அந்த அடைப்பைச் செய்வார்களாம். வலியையும் மரக்கப்பண்ணும், கிருமியையும் அடக்கும்.

உள்ளியிலும் உங்கள் கைப்பக்குவம் சரிதான். தட்டிக் கொஞ்சநேரம் வைத்துவிட்டுத்தான் ரசத்தில் போடுவீர்கள். முழு உள்ளியில் அல்லிசின் என்ற காரப்பொருள் கிடையாது. நசுக்கும்போதுதான் ஒரு நொதியம் அதை உண்டாக்குகிறது. உடனே சூட்டில் போட்டால் அந்த நொதியம் கெட்டுவிடும். கிருமியை அடக்குவது அந்த அல்லிசின்தான் என்று 1944-இல் அமெரிக்காவில் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு விசயத்துக்கு. மச்சாளின் பத்தியச் சாப்பாட்டுக்கென்று இப்பவே உள்ளியை நல்லெண்ணெயில் ஊறப்போட்டுக் குசினித் தட்டில் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அதைக் கொட்டிவிடுங்கள் அம்மா. 1985-இல் இதே கனடாவில், வன்கூவரில், பிரிட்ஜில் வைக்காத உள்ளி எண்ணெயால் 30 பேருக்கு மேல் பொட்டுலிசம் என்ற நோயில் விழுந்தார்கள். நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் சேர்வதற்கு முன் படித்த வகுப்பில் இதைச் சொன்னார்கள். மண்ணிலிருந்து உள்ளியோடு ஒட்டி வரும் கிருமி வித்துக்குக் காற்றில்லாத இடம்தான் வாய்ப்பு. எண்ணெய்க்குள் காற்று ஏது? அங்கே உள்ளியின் சக்தி காக்கவில்லை. மணமும் மாறாது, நிறமும் மாறாது. இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், பிறகு மூச்சே இழுக்க முடியாது. நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

பத்தியத்துக்கு அன்றன்றைக்குத் தட்டிப் போடுங்கள். மிஞ்சினால் பிரிட்ஜில், அதுவும் மூன்று நாலு நாளுக்கு மேல் வேண்டாம். பெரியம்மாவுக்கும் ஒரு போத்தல் கொடுத்ததாகச் சொன்னீர்கள், அவவிடமும் சொல்லுங்கள்.

போத்தலைக் கொட்டியதும் தம்பியை ஒரு செய்தி போடச் சொல்லுங்கள். அதுவரை எனக்கு நித்திரை வராது.

அன்பு மகள்