கல் சுமந்தவர்களையும் எழுதுங்கள்

மூணாறு கிறிஸ்து ஆலயத்தின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கும், அதைப் பயணிகளுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த உறவுக்காரப் பிள்ளைகளை ஆலயத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். அங்கே ஒரு வழிகாட்டி எலனோர் நைட் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்களுக்குத் தெரிந்த கதைதான். துரையை மணந்து மலைக்கு வந்த இளம்பெண், 1894 டிசம்பரில் காலராவில் இறந்து இந்தக் குன்றில் அடக்கமானார். கல்லறை முதலில் வந்தது. ஆலயத்துக்கு அடிக்கல் விழுந்தது 1910-இல்தான். கதை முடிந்ததும் எங்கள் பிள்ளை ஒருத்தி, "இதை யார் கட்டினாங்க?" என்று கேட்டாள். "வெள்ளைக்காரங்கதான்" என்று சொல்லிவிட்டு அவர் குழுவோடு கிளம்பிவிட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. படித்ததைச் சொன்னார். படிக்கக் கொடுத்தவர்கள் நீங்கள் என்பதால்தான் இந்த மடல் உங்களுக்கு.

எலனோர் அம்மையாரின் மரணம் துயரமானது. அதை யாரும் மறக்க வேண்டாம். ஆனால் 1910-இல் இந்த மலையில் கல் உடைக்கவும் சுமக்கவும் யார் இருந்தார்கள்? தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியிடம் முன்பணம் வாங்கி, போடிநாயக்கனூரிலிருந்து குழந்தை குட்டிகளோடு மலையேறி வந்த தமிழ்க் கூலியாட்கள். காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் அவர்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை போன ரயில் பாதைக்கு மண் வெட்டியவர்களும் அவர்கள்தான். 1924 வெள்ளம் அந்தப் பாதையைக் கொண்டுபோனது. ஆலயம் நின்றது. அதன் கருங்கல் அவர்கள் கைபடாமல் இந்தக் குன்றேறியிருக்க முடியாது. அவர்களையும் எழுதுங்கள்.

என் பாட்டியைப் பெற்றவர்கள் இருவரும் எஸ்டேட் மண்ணில்தான் புதைக்கப்பட்டார்கள். எந்த இடம் என்று கேட்டால் பாட்டி ஒரு தேயிலைச் சரிவைக் கைகாட்டுவார். மரச்சிலுவை நட்டார்களாம். மூணாறு மழையில் மரம் எத்தனை வருஷம் தாங்கும்? சிலுவை உளுத்துப்போனது. அப்புறம் பழைய செடியைப் பிடுங்கிப் புதுச்செடி வைத்தபோது மண்மேடும் போய்விட்டது. கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு போவார். எங்கே வைப்பது? சரிவுக்குக் கீழே ரோட்டோரத்தில் வைத்துவிட்டு, பொதுவாக ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வருவார். காற்றில் மெழுகுவத்தி நிற்காது. பெயர் பொறித்த கல் நட அன்றைய கூலியில் யாருக்கு முடியும்? ஆலயத்துக்குள் தோட்டத் துரைமாரின் நினைவுப் பட்டயங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ரோட்டோரம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. பட்டயங்கள் இருக்கட்டும், நன்றாகப் பாதுகாக்கப்படட்டும். எங்கள் ஆட்களுக்கு ஒரு பத்தியாவது கேட்கிறேன்.

இது ஒரு கட்டடத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. வேலை ஓய்ந்தால் லயத்தை, அதாவது எஸ்டேட்டின் வரிசை வீட்டை, காலி செய்ய வேண்டும், வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால் 1950-க்கு முன்பே இங்கே இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்கிறார்கள். 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். எங்கள் பெயர்கள் வரிசையாக அச்சில் வந்தது அப்போதுதான். செத்தால்தான் எழுதுவீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, கேட்க வந்ததைப் பணிவோடு கேட்டுவிடுகிறேன். அடுத்த முறை இந்த ஆலயத்தின் வரலாற்றை அச்சிடும்போதோ பலகையில் எழுதும்போதோ, அதைக் கட்டிய தொழிலாளர்களையும் சேர்த்து எழுதுங்கள். ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, எஸ்டேட் செக்ரோல் (வேலையாட்களின் வருகைப் பதிவேடு) என்று பழைய ஏடுகள் எங்கே மிஞ்சியிருந்தாலும் தேடிப் பாருங்கள். பெயர்கள் கிடைத்தால் பெயரோடு எழுதுங்கள். கிடைக்காவிட்டால் எந்த ஊர்ப்பக்கமிருந்து வந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்றாவது எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள். லயங்களில் இன்னும் கதை சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் உங்களை அழைத்துப்போக நான் தயார். தயவுசெய்து இந்த வருஷமே வாருங்கள், அவர்களுக்கு வயதாகிறது.

இப்படிக்கு,
மூணாறு எஸ்டேட் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஒருவர்