மேஸ்திரி அண்ணாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

சேலத்தில் எங்கள் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் பிள்ளைகளுக்காகக் கட்டுகிற புது மன்றத்துக்கு நேற்று மாலை கூரை ஏறிவிட்டது. இன்று காலையில் இருந்தே பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள், பூச்சு காயட்டும் என்று சொன்னாலும் கேட்கவில்லை.  கூட நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் மேஸ்திரி அண்ணாவுக்கு.

புது மன்றம் எப்படி இருக்க வேண்டும் என்பதை எங்கள் முகாம் பிள்ளைகளே தரையில் கோலமாவால் வரைந்து வைத்திருந்தார்கள். நிஜ அளவிலேயே வரைந்திருந்தார்கள். பார்க்க வந்த பெரியவர்கள் பலர் நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் பேசிக்கொண்டே கோட்டின் மேல் நடந்து, அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அண்ணா செலவுக் கணக்குப் போட வந்தவர். ஓரமாக நின்று, "வாசல் எது கண்ணு?" என்று கேட்டார். பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் கையைக் காட்டினாள். செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு அந்த வாசல் வழியாக உள்ளே போனார். சுவர் வரும் இடத்தில் எல்லாம் நின்று திரும்பினார். அப்புறம் மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"வாசல்ல நாலு பசங்க நின்னா நீங்க உள்ள வருவீங்களா?" என்று கேட்டார்.

வரமாட்டோம் என்றாள் அவள். இன்னொரு வாசல் கேட்க நினைத்ததாகவும், செலவாகும் என்று விட்டுவிட்டதாகவும் அப்போதுதான் சொன்னாள். எங்கள் குழுவுக்கே அது தெரியாது. அண்ணா எழுந்து பின்பக்கக் கோட்டைக் கையால் அழித்தார். "வாசல் வச்சா செங்கல்தான் மிச்சம். வரை கண்ணு" என்றார். சேலம் குகைப் பகுதியில் இடித்த ஒரு பழைய வீட்டின் கதவு நிலையை அடுத்த வாரம் தன் வண்டியிலேயே கொண்டு வந்து இறக்கினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பா அம்மா 1990-ல் இலங்கையிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, இங்கே அனுப்பப்பட்டவர்கள். நான் சேலத்தில்தான் பிறந்தேன். ஆனாலும் 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் நானும் என் தங்கையும் இன்னும் அகதிகள்தான். பத்துக்குப் பத்து வீட்டில் வளர்ந்தோம். சோதனைக்கு வருகிறவர்கள் உள்ளே வருவதற்கு எங்களிடம் கேட்டதில்லை. அப்படி வளர்ந்த பிள்ளைகள் மாவால் போட்ட ஒரு கோட்டை, ஒருவர் சுவர் என்று மதித்துச் சுற்றிப் போனார். அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள்.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். லாபம் பார்க்காமல் தகரம் கொடுத்த செவ்வாய்ப்பேட்டை கடைக்காரர், பெஞ்சுக்கு சில்வர் ஓக் பலகை அனுப்பிய ஏற்காடு குடும்பம், திரைத்துணி தந்த இளம்பிள்ளை தறிக்காரர்கள், கூரை போட்ட அன்று எல்லோருக்கும் தட்டுவடை செட் போட்டுக் கொடுத்த அம்மாப்பேட்டை அக்கா, அனுமதிக்காக அலைந்த முகாம் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) சார், வரைபடத்தை நீட்டாமல் வெறும் நோட்டோடு வந்து உட்கார்ந்து கேட்ட கட்டடக்கலை மாணவர்கள், எல்லோருக்கும் நன்றி. முன்பெல்லாம் எல்லாம் முடிவான பிறகு, எந்தக் கலர் அடிக்கலாம் என்று மட்டும்தான் எங்களைக் கேட்பார்கள். பிள்ளைகளைக் கேட்டுக் கட்டியதால்தான் ஜன்னல் தாழ்வாக வந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நுழையலாம். கேரம் போர்டு நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனது. பின்வாசலில் இருந்து கடைசி வரிசை வீடுகள் வரைக்கும் விளக்கு வந்தது.

பிள்ளைகள் கேட்டதில் இன்னொன்று, வாசலில் கையெழுத்து நோட்டு வேண்டாம் என்பது. பணம் தந்தவர்களுக்கு வருகிறவர்களின் கணக்கு வேண்டும், அது நியாயம்தான். ஆனால் எங்கள் வாழ்க்கையில் ஏற்கனவே போதுமான ரெஜிஸ்டர் இருக்கிறது. தலையை மட்டும் எண்ணிச் சொன்னால் போதும் என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் நன்றி.

2022-ல் இலங்கையில் விலைவாசி தாங்காமல் தனுஷ்கோடியில் வந்து இறங்கிய குடும்பங்களும் மண்டபத்தில்தான் தங்க வைக்கப்பட்டன. அங்கேயோ வேறு எந்த முகாமிலோ பிள்ளைகளுக்கு ஓர் இடம் கட்டுகிறார்கள் என்று தெரிந்தால், அனுமதி வாங்கிக்கொண்டு நாங்கள் வருவோம். கோலமாவு நாங்களே கொண்டு வருகிறோம். என்ன வேண்டும் என்று அங்கே இருக்கிற பிள்ளைகள் வரையட்டும். மேஸ்திரி அண்ணாவிடமும் பேசிவிட்டோம், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
முகாம் இளைஞர்கள் சார்பில்