மூட்டையில் இருப்பது என் வலை

அன்பு மக்களே,

ஆமைச் சிற்பம் செய்ய நீ கேட்ட வலை மூட்டையை இன்று பார்சலில் போட்டுவிட்டேன். மூன்று தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தித்தான் கட்டினேன். ஆனாலும் கவுச்சி போகவில்லை. அறையில் கூட இருக்கும் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லி வை.

இது எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். போன மாதம் கடல் அடித்து ஓய்ந்த மறுநாள் கரையில் ஒரு பொதி ஒதுங்கிக் கிடந்தது. நாலைந்து வலைகள், கயிறு, மிதப்பு, தண்ணீர்ப் பாட்டில், செருப்பு எல்லாம் பின்னிக்கொண்டு ஓர் ஆள் உயரம். மூன்று பேராக இரண்டு நாள் அறுத்துப் பிரித்தோம். நடுவே ஒரு பங்குனி ஆமையின் ஓடு. அதைச் சுற்றியிருந்த பச்சை வலையில் ஒரு கிழிசல் பொத்தியிருந்தது. அதைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. நைலான் வழுக்கும் என்று எல்லாரும் இரட்டை முடிச்சுப் போடுவார்கள். நான் அதற்கு மேல் இன்னொரு சுற்றுச் சுற்றி இழுப்பேன், உன் தாத்தா பழக்கியது. அந்த முடிச்சேதான்.

நாலு வருஷம் முன்னால் கடலடிப் பாறையில் சிக்கிய வலையை, காற்று ஏறுகிறதே என்று அறுத்துவிட்டு வந்தேனே, நினைவிருக்கிறதா? அன்றைக்குப் பணம் போயிற்றே என்றுதான் வீட்டில் எல்லாரும் அழுதோம். அங்கே கிடந்து அது தன்பாட்டுக்குப் பிடித்துக்கொண்டே இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தாத்தாவின் பருத்தி வலை, பனிச்சங்காய்ச் சாறு ஏற்றினாலும் சில பருவத்தில் இற்றுவிடும். நைலான் அப்படி இறாது, மக்களே.

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டோரஸ் நீரிணையில், எருப் தீவுக்காரர்கள் ஒதுங்கிய வலைகளில் செய்த ஆமைகளைப் போனில் காட்டினாயே. 2016இல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகம் வரை அவர்கள் வேலை போனது என்றாய். அமெரிக்காவின் ஓரிகன் கரையில் குப்பை பொறுக்கிப் பெரிய பெரிய மீன்கள் செய்கிறார்களே, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு எருப் ஆமைதான் மனதில் நின்றது. அதில் வலை வலையாகவே தெரிகிறது. எந்தக் கண்ணி, எந்தக் கயிறு என்று கடல்காரன் பார்த்தவுடன் சொல்லிவிடுவான்.

அதனால் கேட்கிறேன், பெயின்ட் அடிக்காதே. நான் பொத்திய துண்டைச் சிவப்புத் துணியில் தனியாகக் கட்டியிருக்கிறேன். அதை உள்ளே வைத்து மறைக்காமல், ஆமையின் கழுத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வை. இது என் அப்பா வலை என்று யாரிடமும் சொல்லலாம், எனக்குச் சம்மதம்.

சின்ன பாட்டிலில் இருப்பது, 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய சரக்குக் கப்பலிலிருந்து நம் கரைக்கு வந்த பிளாஸ்டிக் குருணை. உளுந்து அளவுதான். அம்மா மணலைச் சல்லடையில் சலித்துச் சேர்த்தது. வெறுங்கையால் தொடாதே, கடலில் கிடந்த நஞ்செல்லாம் அதில் ஒட்டியிருக்கும்.

அந்த ஆமை ஓட்டினைக் கரையிலேயே புதைத்தோம். அதற்கு முன் அளந்தேன், ஒன்றரை முழம். அந்த அளவிலேயே செய். முடிச்சுக் கைக்கு வராவிட்டால் அப்படியே வைத்திரு, அடுத்த ஞாயிறு நானே வருகிறேன். வலை ஊசி இரண்டு மூட்டைக்குள் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா
குளச்சல்