தோடம்பழமும் சோலைவரியும்

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் எல்லாரும் சுகம். போனில் இதைக் கதைத்தால் உன் உம்மா பாதியில் வாங்கி வேறு பக்கம் கொண்டுபோய்விடுவா, அதனால்தான் எழுதுகிறேன்.

சாய்ந்தமருது கல்முனை மாநகர சபையிலிருந்து பிரிந்து தனிச் சபையாக வேண்டுமா என்ற சண்டையில், "வாப்பா, நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டிருந்தாய். உன் கஷ்டம் விளங்குகிறது. பிறந்தது சாய்ந்தமருதில், கலியாணம் முடித்தது கல்முனைக்குடியில். நம் வழக்கப்படி பெண்டாட்டி வீட்டில்தான் இருப்பு, வாக்கும் அங்கேதான். தோஹாவில் உன் அறையில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால் சோறு தின்னும் நேரத்திலும் இந்தக் கதைதான் ஓடும்.

நேரடியாகச் சொல்கிறேன். நான் தனிச் சபை வேண்டும் என்கிற பக்கம்தான். ஆனால் நம் ஊரில் பலர் சொல்கிற காரணங்களுக்காக இல்லை.

உங்கள் வயதுப் பிள்ளைகள் இதை ஏதோ 2017இல் தொடங்கிய சண்டை என்று நினைக்கிறீர்கள். முன்பு கல்முனைக்குப் பட்டின சபை ஒன்று இருந்தது. கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்கு என்று மூன்று கிராம சபைகளும் இருந்தன. அதில் தெற்குதான் நாங்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது நாலையும் ஒன்றாக்கினார்கள். 2001இல் அது மாநகர சபை ஆனது. ஆகவே நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. எடுத்ததைத் திருப்பிக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

சரி, உன் மாமனார் பக்கத்து நியாயத்தையும் கேள். சாய்ந்தமருது மட்டும் கழன்று போனால் மிச்சமுள்ள சபையில் ஆசனக் கணக்கு மாறும், மேயர் பதவி யாருக்கு என்பதும் மாறும். அதனால்தான் அவர்கள் "பிரிப்பதென்றால் நாலாகப் பிரி" என்றார்கள். அதைப் பிடிவாதம் என்று நம் ஆட்கள் ஏசினார்கள். எனக்கு அது பிடிவாதமாகத் தெரியவில்லை. பாண்டிருப்பிலும் பெரியநீலாவணையிலும் இருக்கிற தமிழ்ச் சனங்களுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி 2019இல் உண்ணாவிரதம் இருந்தார்களே, அதையும் இதையும் தனித்தனியாகப் பார்க்க ஏலாது. ஒருவர் கோடு கீறினால் மற்றவர் தன் வளவை அளந்து பார்ப்பார்.

நடந்ததையும் பார். 2017இல் நம் கடைகளைப் பூட்டி ஹர்த்தால் செய்தோம். 2018 பெப்ரவரித் தேர்தலில் பெரிய பள்ளிவாசல் முன்னின்ற சுயேச்சைக் குழு, தோடம்பழ (ஆரஞ்சு) சின்னத்தில் நம் வட்டாரங்களை எல்லாம் வென்றது. 2020 பெப்ரவரி 14இல் சாய்ந்தமருது நகர சபைக்கு வர்த்தமானி (அரசிதழ் அறிவித்தல்) வந்தது. 2022 மார்ச் 20இலிருந்து சபை நடைமுறைக்கு வரும் என்று அதில் இருந்தது. ஊரே வெடி கொளுத்தியது. கொளுத்திய மணம் போகுமுன் அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

இப்போது என்ன? மாநகர சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6இல் நாடு முழுக்க உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது வழக்கு காரணமாகக் கல்முனைக்கு நடக்கவில்லை. பிரிவதா, சேர்ந்திருப்பதா என்று சண்டை பிடித்தவர்கள் இரண்டு பக்கமும் வாக்கில்லாமல் நிற்கிறோம். எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். பள்ளி முற்றத்தில் அஸருக்குப் பிறகு கூடுகிற எங்கள் கூட்டத்தில் இதை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் "நீங்கள் அவர்கள் ஆளா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

வருமானப் பரிசோதகராக வேலை செய்தவன் வேறு எதைக் கேட்பான்? காசைத்தான் கேட்பேன். சபை ஊழியரின் சம்பளத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் மாகாணத்தின் வழியாகத் தரும். மற்றதுக்கெல்லாம் சோலைவரி (வீடு, வளவுக்குச் சபை வாங்கும் வரி), வியாபார அனுமதிக் கட்டணம், சந்தை வாடகை, முத்திரைக் கட்டணம். கல்முனை பஸாரும் பொதுச் சந்தையும் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விடும். நம் பக்கம் வீடும் கடைத்தெருவும் இருக்கின்றன. சோலைவரியை ஒழுங்காகக் கட்டினால் ஓடலாம். ஆனால் ஹர்த்தாலுக்கு முதல் ஆளாகக் கடை பூட்டியவர்களில் எத்தனை பேர் பழைய பாக்கியைக் கட்டியிருக்கிறார்கள் என்று நான் கேட்டால் கூட்டம் கலைந்துவிடும்.

அப்புறம் குப்பை. கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வயல். நடுவில் நெருக்கிக்கொண்டு இருக்கிறோம். கொட்ட ஒரு துண்டு நிலம் இல்லை. இப்போதே அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காட்டுக்குத்தான் லொறி போகிறது. தனிச் சபை வந்தாலும் அந்த லொறி அங்கேதான் போக வேண்டும், டீசல் மட்டும் நம் கணக்கில் எழுதப்படும். மழைத்தண்ணி வடிந்தோடும் தோணாவும் அப்படித்தான். மழைத்தண்ணிக்குச் சபை எல்லை தெரியாது. பக்கத்து ஊர் வாய்க்காலை வெட்டாவிட்டால் நம் தோணாவைத் தோண்டி என்ன புண்ணியம்? இரண்டு சபையும் சேர்ந்து குப்பைக்கும் வடிகாலுக்கும் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டு பிரியலாம். அதைக் கேட்டு ஒரு ஹர்த்தாலும் நடக்கவில்லை.

ஆக, என் நிலைப்பாடு இது: நாலும் ஒரே நாளில், ஒரே வர்த்தமானியில் பிரிய வேண்டும். அதற்கு முன்னால் இருக்கிற சபைக்கே தேர்தல் வைக்க வேண்டும். தெரிவான ஆட்கள் இருந்தால்தான் பாகப்பிரிவினைக்கு யாராவது கையெழுத்து வைக்க முடியும். இல்லாவிட்டால், இப்போது சபையை நடத்துகிற ஆணையாளரோடு யார் பேரம் பேசுவது?

இதை உன் மாமனாரிடம் நீ சொல்ல வேண்டாம். நானே பெருநாளைக்கு வந்து சொல்வேன். அவர் எனக்கு முன்பே "நாலு" என்று சொன்ன மனுசன், சண்டைக்கு வரமாட்டார். மருமகள் பேரில் உள்ள வளவுக்கு இந்த வருஷத்துச் சோலைவரி இன்னும் கட்டவில்லையாம். அடுத்த முறை காசு அனுப்பும்போது அதையும் சேர்த்து அனுப்பு. பற்றுச்சீட்டை வாங்கிப் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன்.

வஸ்ஸலாம்.

உன் வாப்பா