வேப்பம்பூ இரண்டு பொட்டலம்

உ
சிவமயம்

தம்பிக்கு ஆத்தா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பச்சியும் சௌக்கியம். அங்கு உங்கள் இருவர் சௌக்கியத்துக்கும் எழுதவும்.

தெற்கு வளவு ஆச்சி வியாழக்கிழமை திருச்சியில் சிங்கப்பூர் விமானம் ஏறுகிறார்கள். அவர்கள் கையில் இதையும் ஒரு பையையும் கொடுத்துவிடுகிறேன். போனில் சொன்னால் போதாதா என்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரி ஆத்தா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, மடித்துத்தான் வைக்க வேண்டும்.

வருஷப் பிறப்பு இந்தத் தடவை செவ்வாய்க்கிழமை வருகிறது, ஏப்ரல் 14. வருஷத்தின் பெயர் பராபவ. காரைக்குடிக்குப் போனபோது பாம்புப் பஞ்சாங்கம் வாங்கி வந்தேன். பராபவ என்றால் தோல்வி என்று அர்த்தமாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பெயரும் இப்படி, கிழமையும் செவ்வாய். அப்பச்சி சிரிக்கிறார்கள். "நான் பிறந்ததே பராபவத்தில்தான், 1966ல். அறுபது வருஷம் சுற்றி அதே பெயர் வந்திருக்கிறது. நான் தோற்றா போய்விட்டேன்?" என்கிறார்கள். அந்த வருஷம் அரிசிக்குப் பட்ட பாட்டை அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறாய்தானே. தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி போடுகிறோம் என்று சொல்லி ஓட்டுக் கேட்ட காலம். பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு பத்தாயத்தின் அடியைத் துடைப்பத்தால் கூட்டி அரிசி எடுத்தேன் என்பார்கள். பெயரில் ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது?

சரி, நீ செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ராத்திரியே தட்டு வைத்துவிடு. மாம்பழம், வெற்றிலை பாக்கு, பூ, ஒரு கைப்பிடி அரிசி, கல்லுப்பு, மஞ்சள், உன் மோதிரம், காசு, நடுவில் கண்ணாடி. இந்த வழக்கம் ஊரில் எல்லா வளவிலும் கிடையாது, நம் வீட்டுக்கு அப்பத்தா கொண்டுவந்தது. காலையில் எழுந்ததும் செல்போனைப் பார்க்காதே. கண்ணை மூடிக்கொண்டே போய்த் தட்டில் விழி. அன்றைக்கு யாருக்கும் பணம் கொடுக்காதே, செவ்வாய் வேறு. புது நோட்டு ஒன்று வாங்கிப் பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியில் வரவு எழுது. கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லாதே. ஐயா ரங்கூனில் இருந்தபோதும் அந்த ஒரு வரியை விட்டதில்லை. முடிந்தால் டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போய் வா.

பச்சடியில் வேப்பம்பூவை விட்டுவிடாதே. மாங்காயும் வெல்லமும் போட்டுவிட்டு, கசக்கும் என்று பூவை விடுகிற வேலை வேண்டாம். இந்த வருஷம் பங்குனியில் கட்டுத்துறை மரம் அப்படிப் பூத்திருந்தது. அப்பச்சியின் பழைய வேட்டியை அடியில் விரித்துவைத்து, காலையில் உதிர்ந்திருப்பதை முறத்தில் அள்ளிக் காம்பு பொறுக்கி, முற்றத்தில் நாலு நாள் காயவைத்தேன். எறும்பு மொய்த்துவிட்டது. வெயிலில் தட்டித் தட்டி ஓட்டினேன். காய்ந்தபின் ஒரு முறம் பூ ஒரு கைப்பிடிதான் மிஞ்சியது. நெய்யில் லேசாக வறுத்துக் கடைசியில் போடு. கருகவிடாதே. பூவை விட்டுவிடாதே.

போன வாரம் நீ வீடியோவில் வந்தபோது பின்னால் தெரிந்த சுவர் வேறு சுவராக இருந்தது. முன்னால் இருந்ததில் உங்கள் கல்யாணப் படம் மாட்டியிருக்கும், பக்கத்தில் அவள் வளர்க்கிற அந்தக் கொடி தொங்கும். இதில் ஒரு ஆணிகூட இல்லை. வீடு மாறினாயா? மாறியிருந்தால் சொல்ல வேண்டாமா? புது வீட்டில் பால் காய்ச்சாமல் படுத்திருப்பாயோ என்றுதான் என் கவலை. பால் பொங்காத வீட்டில் வருஷம் பிறக்கக் கூடாது. நாலு ஞாயிறாகக் கேட்கிறேன். ஒரு நாள் அவள் குளிக்கிறாள் என்கிறாய், ஒரு நாள் தூங்குகிறாள், ஒரு நாள் கடைக்குப் போயிருக்கிறாள். போன வாரம் நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

கோயிலிலிருந்து புள்ளி வரிக்கு வந்தார்கள். அப்பச்சி நம் புள்ளிக்கும் உன் புள்ளிக்கும் சேர்த்தே கட்டினார்கள். ரசீது எழுதியவர், "சிங்கப்பூர்ப் புள்ளி சௌக்கியமா?" என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். உன் பணத்தில்தான் முகப்பு ஓடு முழுக்க மாற்றினோம் என்றும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், ஓடு நன்றாகத்தான் இருக்கிறது. இந்தத் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, நம் வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. என் மகன் செய்தது என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அவர் போன பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை. புள்ளி என்றால் ஒரு ஆள் கணக்கில்லையே தம்பி, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்த கணக்கு.

ஆவணியில் அப்பச்சிக்கு அறுபதாம் வயசுச் சாந்தி. நாள் பார்த்தாகிவிட்டது. மாலை எடுத்துக் கொடுக்க மகனும் மருமகளும் சேர்ந்து நிற்க வேண்டும். லீவு கிடைக்காது என்று கடைசியில் சொல்லாதே. திருச்சிக்கு நாலு மணி நேரம். அமெரிக்காவில் இருக்கிறவர்கள்கூட நினைத்தால் வருகிறார்கள்.

வருஷப் பிறப்பன்று யாரும் அழக் கூடாது, யாரையும் திட்டக் கூடாது, முதல் நாள் செய்தது வருஷம் முழுக்கத் தொடரும் என்று உன்னைச் சின்னப் பிள்ளையிலிருந்து மிரட்டி வளர்த்தவள் நான். போன வருஷப் பிறப்பில் நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும். பாதிதான் தெரியும்.

முதல் நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும். தட்டில் தேங்காய் வைக்க மறந்துவிட்டது என்று எழுந்து போனேன். லைட்டைப் போடாமல், கை பழகிய இடம்தானே என்று வைத்தேன். தேங்காய் சரிந்து அப்பத்தாவின் கண்ணாடியில் முட்டியது. டிக் என்று ஒரு சத்தம். டார்ச்சு அடித்துப் பார்த்தேன். கீழ் மூலையில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். வருஷம் பிறக்கிற நேரத்தில் கண்ணாடி உடைந்தது என்று யாருக்கும் தெரிய வேண்டாமென்று, மாம்பழத்தை நகர்த்தி அந்த மூலையை மறைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். விடிகாலையில் விளக்கேற்ற அவளைத்தான் முதலில் அனுப்பினேன். அவள் மாம்பழத்தை எடுத்தாள். அதற்குள் விரிசல் மேலே வரைக்கும் ஓடியிருந்தது.

"வருஷப் பிறப்பும் அதுவுமாக உடைத்துவிட்டாளே, இன்னும் என்னென்ன உடைக்கப் போகிறாளோ" என்றேன். "நான் தொடவே இல்லை அயித்தை" என்றாள். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். அப்பச்சி இருந்தார்கள், ஆச்சிமார் இருந்தார்கள், வாய் வரவில்லை. நீ பட்டாலைத் தூணில் சாய்ந்து செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது. அவள் ரெண்டாங்கட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பந்தியில் எல்லோருக்கும் பச்சடி வைத்தாள். எனக்கும் வைத்தாள்.

நீங்கள் ஊருக்குக் கிளம்பின பிறகு உங்கள் அறையைக் கூட்டினேன். பெட்டகத்து மேலே காகிதம் சுற்றி ஒரு புதுக் கண்ணாடி இருந்தது. முந்தின நாள் காரைக்குடிக்குப் போனவள் வாங்கி வந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வருஷமாக அந்தக் காகிதத்தை நான் பிரிக்கவில்லை. நேற்றுப் பிரித்தேன். இந்த வருஷம் தட்டில் அதைத்தான் வைக்கப் போகிறேன்.

இதை அவளிடம் நீ சொல்ல வேண்டாம். நம்பர் மாறாமல் இருந்தால் நானே பேசுகிறேன். மாறியிருந்தால் புது நம்பரை மட்டும் அனுப்பு, வேறெதுவும் எழுத வேண்டாம்.

பையில் சீப்புச் சீடையும் மாவடு பாட்டிலும் இருக்கிறது. பாட்டிலைச் சாய்க்காமல் எடு. வேப்பம்பூ இரண்டு பொட்டலம் போட்டிருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்றை அவள் எங்கே இருக்கிறாளோ அங்கே பதிமூன்றாம் தேதிக்குள் கொண்டுபோய்க் கொடு.

ஆத்தா